காகிதக் கப்பலுக்கு 20,000 ரூபாயா? லேசர் கிட் வாங்கலாமா, சொல்லுங்க

திருநகர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொரோனா ஊரடங்கில் மகளுக்காக கேனன் தளத்தில் கிடைக்கும் இலவச பேப்பர் மாடல்களை பிரிண்ட் எடுத்து ஒட்ட ஆரம்பித்தேன். மகள் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. இதுவரை சின்னதாக மூன்று கப்பல் முடித்திருக்கிறேன், இப்போது கண் பெரிய இடத்துக்குப் போய்விட்டது.

இரண்டு கிட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று எம்டன், 1:250 அளவு (அசலில் 250இல் ஒரு பங்கு), அச்சடித்த தாள்கள். எங்கள் தாத்தா யாராவது சாமர்த்தியமாக ஏய்த்துவிட்டுப் போனால் "சரியான எம்டன்டா அவன்" என்பார், ரொம்ப நாள் கழித்துத்தான் அது 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் என்று தெரிந்தது, அதனால் அதன் மேல் ஒரு கண். தாளோடு லேசரில் வெட்டிய எலும்புக்கூடும் (கப்பலுக்கு உள்ளே நிற்கும் தடி அட்டைச் சட்டம்) கைப்பிடிக் கம்பி செட்டும் தனியாக வாங்க வேண்டும், கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்த்தால் என் கணக்குக்கு 9,000 வருகிறது. இன்னொன்று முழுக்க லேசரில் வெட்டிய பாய்மரக் கப்பல், பெரிய பெட்டி, வீடு வந்து சேர 20,000 தாண்டிவிடும். வீட்டில் சொன்னேன். "காகிதத்துக்கா?" என்று ஒரே வார்த்தை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.

பழைய அட்டை:

பாய்மரக் கப்பல் பெட்டி ஒன்று நான் முடித்திருக்கிறேன், போலந்தின் ஷிப்யார்டு நிறுவனம் போடும் எச்.எம்.எஸ். அலர்ட், 1777ஆம் வருஷக் கப்பல், 1:96. பதினோரு மாதம் ஆனது. காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் ஒரே ஒரு துண்டைச் சொல்கிறேன். தளத்தில் காற்றுப் போவதற்கு வைத்த கிராதி, தீப்பெட்டி லேபிளில் பாதிகூட இருக்காது, அதில் வரிசை வரிசையாக ஓட்டை, ஒன்றிலும் கடுகு நுழையாது. அதை பிளேடு வைத்து வெட்டச் சொன்னால் நான் அன்றைக்கே பரணில் ஏற்றியிருப்பேன்.

ஆனால் லேசர் என்றவுடன் எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் தீய்ந்த வாசனை வரும், வெட்டிய ஓரமெல்லாம் பழுப்பாக இருக்கும். மரத்தளம் மாதிரி இடங்களில் அது அழகு, வெள்ளை அடிக்கிற இடத்தில் தலைவலி, இரண்டு மூன்று கோட் அடித்தால்தான் மறையும். துண்டுகள் தாளோடு மயிரிழை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், கையால் பிய்த்தால் அட்டை இரண்டு தோலாக உரிந்துவிடும், புது பிளேடால்தான் எடுக்க வேண்டும். அப்புறம் நம்ம ஊர்ப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, போலந்துக்காரனுக்கு அது தெரியவே தெரியாது. சித்திரை வெயிலில் மின்விசிறி போடாமல் உட்கார முடியாது, போட்டால் துண்டு பறக்கும். கயிறு கட்டும் கப்பி மூன்றை இன்றுவரை தேடுகிறேன். வேர்வைக் கையோடு தொட்டால் அச்சடித்த தாளில் கறை நிற்கும், மணிக்கட்டுக்குக் கீழே ஒரு துண்டுத்துணி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய கப்பல் என்றால் என் ஓட்டு எம்டனுக்கு. அசல் நீளம் 118 மீட்டர், 1:250இல் 47 செ.மீ., டிவி ஸ்டாண்டில் நிற்கும்.

சிவகாசி பிரஸ்காரன்:

"காகிதத்துக்கா?" என்று அக்கா கேட்டது நியாயம்தான், ஆனா காகிதத்துக்கு அங்கே யாரும் காசு வாங்கவில்லை. எங்கள் ஊரில் பட்டாசுப் பெட்டி, காலண்டர் அட்டையெல்லாம் டை பஞ்சிங் போடுகிறோம். ஒரு முறை டை செய்துவிட்டால் லட்சக்கணக்கில் குத்தித் தள்ளலாம், அட்டை ஒன்றுக்குப் பைசாக் கணக்குத்தான் வரும். ஆனால் டை என்பது வளைத்து வைத்த எஃகுப் பட்டை, இரண்டு பட்டைக்கு நடுவே கொஞ்சமாவது இடம் வேண்டும். அண்ணன் சொன்ன கிராதியை எந்த டையிலும் குத்த முடியாது. லேசர் அப்படியில்லை, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக நடந்து போய் வெட்டும், தாளில் எத்தனை கோடு இருக்கிறதோ அத்தனை நேரம். ஆயிரமாவது தாளுக்கும் முதல் தாளுக்கான நேரமேதான் ஆகும், அதனால் கூட அடித்தாலும் விலை இறங்காது. அதுபோக வாங்குகிறவன் உலகத்தில் எத்தனை பேர்? வரைந்தவனும் பல மாதம் வேலை பார்த்திருப்பான், ஒட்டிப் பார்த்துத் திருத்தியிருப்பான், அந்தக் கூலியெல்லாம் அந்தக் கொஞ்சப் பேர் தலையில்தான் விழும்.

மேலூர் டிராயிங் வாத்தியார்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காகித மாடல் பஞ்சத்தில் வளர்ந்த கலை. இரண்டாம் உலகப்போரில், 1941இல், வேறு பொருளெல்லாம் தட்டுப்பாடாக இருந்தபோதுதான் இங்கிலாந்தில் தபால் அட்டை அளவில் மைக்ரோமாடல்ஸ் வந்தது. போலந்தில் 1957இலிருந்து பத்திரிகை மாதிரி மலிவாக அச்சடித்துக் கொடுத்தார்கள், அதை வைத்துத்தான் ஒரு தலைமுறையே பழகியது. கத்தரிக்கோல், பசை, பொறுமை, அவ்வளவுதான் முதலீடு. எல்லாவற்றையும் எந்திரம் வெட்டிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன வேலை மிச்சம்? ரெடிமேட் மாவு வாங்கி இட்லி சுட்டுவிட்டு "நானே அரைத்தேன்" என்கிற கதை.

பழைய அட்டை:

வாத்தியாரே, மாவை வாங்கினாலும் இட்லி கல்லாக வருகிற வீடுகள் இருக்கின்றன! நீங்கள் சொல்வது பாதி சரி. எம்டனில் பார்க்கிற அழகெல்லாம் அச்சடித்த தோலில் இருக்கிறது, மூன்று புகைபோக்கி, பீரங்கி, படகுகள், அதையெல்லாம் அவர் கையால்தான் வெட்டி உருட்டப்போகிறார், லேசர் அதில் தலையிடவே இல்லை. லேசர் வேண்டிய இடம் இரண்டே இரண்டு. ஒன்று எலும்புக்கூடு. ஒரு மில்லிமீட்டர் அட்டையை வெட்டி வெட்டி விரல் காய்த்துப் போகும், துண்டும் துண்டும் கோக்கிற காடி ஒன்று அரை மில்லி தள்ளிப் போனாலும் கப்பல் வாழைப்பழம் மாதிரி வளையும், மேலே எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அது நிமிராது. என் முதல் கப்பல் அப்படித்தான், இன்னும் கோணலாகவே நிற்கிறது. இரண்டாவது கைப்பிடிக் கம்பி. நிஜத்தில் ஒரு மீட்டர் உயரம் என்றால் 1:250இல் 4 மில்லி, அதற்குள் மூன்று கிடைக்கம்பி. வாத்தியார் வெட்டிக் காட்டினால் மேலூருக்கே வந்து காலில் விழுகிறேன்.

திருநகர்க்காரன்:

அண்ணே, சிரித்துவிட்டேன். ஒரு சந்தேகம். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகையை லேசரில் வெட்டித் தருகிறார்கள், எலும்புக்கூடு தாளை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தால் வேலை முடியாதா?

சிவகாசி பிரஸ்காரன்:

ஸ்கேன் என்பது படம் தம்பி, அதைக் கொடுத்தால் மேலே சுட்டு வரைந்து தரும், வெட்டாது. ஒவ்வொரு கோட்டையும் கம்ப்யூட்டரில் வெக்டராக, அதாவது லேசர் பின்தொடர்கிற கோடாக, திரும்ப வரைய வேண்டும், உங்களுக்கு நாலைந்து ராத்திரி போகும். நிறைய கடைகளில் நிமிஷக் கணக்கில்தான் காசு. தடி அட்டை என்றால் புகை ஏறிக் கறுக்கும், மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டச் சொல்லணும். காசு வாங்கின தாளை உங்களுக்கு மட்டும் என்று செய்தால் சரி, விற்காதீர்கள். அப்புறம் உருட்டுகிற துண்டுகளுக்கு ஒரு விஷயம், காகிதத்துக்கு கிரெயின், அதாவது இழை ஓடும் திசை, உண்டு, தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக மடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் புகைபோக்கி உருளும்.

மேலூர் டிராயிங் வாத்தியார்:

எலும்புக்கூடு வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கம்பியை ஒரு பக்கமாவது கையால் முயற்சி செய்யுங்கள், கறுப்பு நூலை பசையில் நனைத்து இழுத்துக் கட்டினால் தூரத்திலிருந்து தெரியாது.

திருநகர்க்காரன்:

சரி, எம்டன், எலும்புக்கூடு, கம்பி செட், மூன்றும். பெட்டிக் கப்பல் அடுத்த தீபாவளி போனஸைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் 9,000 என்று சொல்லவில்லை, தாள் விலையை மட்டும் சொல்லியிருக்கிறேன், யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். முடித்தபின் ராமபாணப் பூச்சி வராமல் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பழைய அட்டை:

கண்ணாடிப் பெட்டிதான். மீன்தொட்டி ஒட்டுகிறவரிடம் அளவு கொடுங்கள், தலைகீழாக வைக்கிற தொட்டி என்று சொன்னால் அவருக்குப் புரியும். பெட்டி 47க்கு செய்துவிடாதீர்கள், 55 செ.மீ. சொல்லுங்கள், முன்னால் கொடிக்கம்பம் இருக்கிறது. இன்னொன்று, எலும்புக்கூடு செட் எந்தப் பதிப்பகத்தின் எம்டனுக்கு என்று பார்த்து ஆர்டர் போடுங்கள், ஒன்றுக்கு வெட்டியது இன்னொன்றுக்கு உட்காராது.