பதினோரு பேர் படித்த வகுப்பிலிருந்து பெரிய அரசு மேல்நிலைப் பள்ளிக்கு: பெற்றோர் அனுபவம் தேவை

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். அவளுடைய வகுப்பில் மொத்தமே பதினோரு பிள்ளைகள். காய்ச்சல் என்று ஒரு நாள் போகாவிட்டால், மாலையில் ஆசிரியையே வாசலில் வந்து நின்று விசாரிப்பார். வருகிற ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதற்காகக் காரைக்குடியில் ஒரு பெரிய அரசு மேல்நிலைப் பள்ளியைப் போய்ப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஆறு பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பிரிவில் ஐம்பது பேருக்கும் மேல் உட்காருகிறார்கள். என் மகள் கேட்டால் மட்டுமே பேசுகிறவள். அந்தக் கூட்டத்தில் அவளை யார் கவனிப்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

உறவினர்கள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றைச் சொல்கிறார்கள். அங்கும் கூட்டம்தான் என்றாலும், பழைய பள்ளி, நல்ல பெயர் என்கிறார்கள். இதுவரை தமிழ் வழியில் படித்தவளை ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றலாமா என்பதிலும் வீட்டில் ஒரே கருத்து இல்லை. நான் வீட்டில் பலகாரம் செய்து கொடுக்கிறேன். கணவர் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். பாடத்தில் எங்களால் உதவ இயலாது. பெரிய பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நடந்ததை நடந்தபடியே சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோட்டையூர்க்காரர் எழுதுகிறார்:

என் மகனும் மகளும் பெரிய அரசு மேல்நிலைப் பள்ளிகளில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார்கள். முதல் ஆண்டில் எனக்கும் இதே அச்சம் இருந்தது. ஆகஸ்ட் மாதம் வரை மகன் வீட்டுக்கு வந்து எந்த நண்பனின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்: ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் பிள்ளை ஆயிரம் பேரோடு வாழ்வதில்லை; தன் பிரிவோடும் தன் வகுப்பாசிரியரோடும், போய்வரும் பேருந்தோடும்தான் வாழ்கிறது. ஆகவே தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், பள்ளி திறந்த இரண்டாம் வாரமே வகுப்பாசிரியரைச் சந்தித்து, உங்கள் மகள் தானாகக் கேட்க மாட்டாள் என்பதை நேரில் சொல்லிவிடுங்கள். ஐம்பது பேரில் அமைதியாக இருக்கும் பிள்ளையை ஆசிரியர் நல்ல பிள்ளை என்று எண்ணி விட்டுவிடுவார். அது அவருடைய குற்றமும் அன்று.

பெரிய பள்ளியில் கிடைக்கிற ஒரு வசதி, பதினொன்றாம் வகுப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தால் பத்தாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மறுபடியும் பள்ளி தேட வேண்டும். சிறிய மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் ஒன்றிரண்டு பாடப்பிரிவுகள்தாம் இருக்கும். பிள்ளைக்கு உயிரியலில் விருப்பம் இருந்தாலும் வணிகவியல் படிக்க நேரிடும். என் மகள் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவை எடுக்க முடிந்தது, அந்தப் பள்ளி பெரிதாக இருந்ததால்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். எனவே சேர்க்கும்போதே ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேசைமேல் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தேவகோட்டைத் தாய் எழுதுகிறார்:

மேலே எழுதிய ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அனுபவம் வேறு. என் மகள் படித்த பெரிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பின் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை காலியாகவே கிடந்தது. அதை எந்தப் பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை. மதிப்பெண் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சிறிய பள்ளியாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஊருக்கே தெரிந்திருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை அந்தக் குழு வழியாக நியமிக்கும் ஏற்பாடும் 2022-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது. இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்தபோது அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. அறிந்திருந்தால் ஜூலையிலேயே குழுக் கூட்டத்தில் கேட்டிருப்போம்.

இன்னொன்றும் உண்டு; பெண் பிள்ளையைச் சேர்க்கிறவர் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். என் மகளின் தண்ணீர் பாட்டில் நாள்தோறும் நிறைந்தபடியே வீடு திரும்பியது. கழிப்பறைக்குப் போக விரும்பாமல் காலை முதல் மாலை வரை அவள் தண்ணீரே குடிக்கவில்லை என்பது, சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் சில தாய்மார்கள் சேர்ந்து இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். தூய்மைப் பணிக்கு ஆள் வந்தது. சேர்க்கைக்குப் போகும் நாளில் அலுவலகத்தோடு திரும்பிவிடாமல், மாணவியர் கழிப்பறையையும் நீங்களே போய்ப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர் எழுதுகிறார்:

உதவி பெறும் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மருத்துவச் சேர்க்கையில் 2020-ஆம் ஆண்டும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-ஆம் ஆண்டும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கானது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் அதில் அடங்கும். ஆகவே உங்கள் மகளுக்கு இதுவரை தகுதி அறுபடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் உதவி பெறும் பள்ளிக்குப் போனால் அறுபட்டுவிடும். கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் அப்படியன்று. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது 2024-ஆம் ஆண்டு நீட்டிக்கப்பட்டுவிட்டது.

பயிற்று மொழியைப் பொறுத்தவரை, எட்டு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளையை, பொதுத் தேர்வுக்கு இரண்டே ஆண்டுகள் இருக்கும்போது மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் இருக்கும் 20 சதவீத முன்னுரிமைக்கு, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கல்லூரியில் ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்சுகிறவர்கள், அறிவியல் பாடநூலில் உள்ள கலைச்சொல் பட்டியலை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நாளுக்கு ஐந்து சொல்லாகப் படிக்கச் செய்யலாம். பலரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பதுதான் என் முப்பது ஆண்டு மனக்குறை.

பள்ளத்தூரிலிருந்து கேட்ட தாய்:

மூவருக்கும் நன்றி. ஒதுக்கீடு பற்றி உறவினர் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளியிலேயே, தமிழ் வழியிலேயே சேர்ப்பது என்று நேற்று இரவு முடிவு செய்துவிட்டோம். ஒரே ஓர் ஐயம். எங்கள் ஊரிலிருந்து இன்னொரு மாணவியும் அதே பள்ளியில் சேர்கிறாள். இருவரையும் ஒரே பிரிவில் போடும்படி கேட்டால் தவறாக நினைப்பார்களா?

கோட்டையூர்க்காரர்:

தவறாக நினைக்க மாட்டார்கள், அம்மா. ஆனால் பிரிவு ஒதுக்கிப் பெயர்ப்பட்டியல் எழுதிய பிறகு கேட்டால் மாற்றுவது கடினம். சேர்க்கைப் படிவம் கொடுக்கும் அன்றே, இருவரும் ஒரே பேருந்தில் வருகிறவர்கள் என்பதைக் காரணமாக எழுதிக் கொடுங்கள். இலவசப் பயண அட்டைக்கான புகைப்படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.