செலீமா மணலுக்கு அடியில் ஆறு: ராடாருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

மணிமாறன்:
எகிப்தும் சூடானும் எல்லை சேரும் இடத்தில் செலீமா மணல்வெளி இருக்கிறது. சாதாரண செயற்கைக்கோள் படத்தில் தட்டை மணல்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து எடுத்த ராடார் படத்தில், அதே இடத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தெரிந்தன என்கிறார்கள். ராடார் மணலுக்குள் போகும் என்றால் நம்ம ஊர் வயலில், கடற்கரையில் ஏன் போவதில்லை? அந்த ஆறுகள் எங்கே போய்ச் சேர்ந்தன, நைலிலா? லிபியா குழாய் போட்டு எடுக்கும் தண்ணீர் இவற்றின் மிச்சமா?

பாறைக்கிறுக்கன்:
எல்லாம் ஈரம்தான். மணலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே அலையை உறிஞ்சிக்கொள்ளும், செலீமாவிலோ பல வருடம் மழையே பெய்யாது. அந்த ராடாரின் அலைநீளம் சுமார் 23 செ.மீ., மணல் துகளோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அதனால் அலை துகள்களைக் கண்டுகொள்ளாமல் ஓரிரண்டு மீட்டர் கீழே இறங்கி, அங்கே இருப்பதில் பட்டுத் திரும்புகிறது. கரடுமுரடான பாறை அலையைத் திருப்பி அனுப்பும், படத்தில் வெளிச்சமாகத் தெரியும். வண்டலும் மணலும் நிரம்பிய பள்ளத்தாக்கு இருட்டாகத் தெரியும். மணல் போர்வை தடிமனாக இருக்கும் இடத்தில் இந்த வித்தை பலிக்காது, செலீமாவில் அது பல இடங்களில் மெல்லியது. பிறகு அங்கே போய்க் குழி தோண்டியும் பார்த்தார்கள், பழைய கற்காலக் கைக்கோடரிகள்கூடக் கிடைத்தன. ஆக, ஒரு காலத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

கவிதா ரா:
நைலா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முதலில் ஆராய்ந்தவர்கள், பெரிய பள்ளத்தாக்குகள் இன்றைய நைல் உருவாவதற்கு முந்தியவை, தென்மேற்கே சாட் படுகையை நோக்கி ஓடியவை என்றார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. நிலம் அவ்வளவு தட்டை, எந்தப் பக்கம் சரிவு என்று சொல்வதே பாடு, லட்சக்கணக்கான வருடக் காற்று அரிப்பு வேறு. எனக்கு மொத்தத்தையும் ஒரே ஆறாகப் பார்ப்பதே தப்பு என்று தோன்றுகிறது, வேறு வேறு ஈரக் காலங்களில் அதே பள்ளத்தில் சின்ன ஓடைகள் திரும்பத் திரும்ப ஓடியிருக்கின்றன. தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் தெற்கே இருக்கும் வாடி ஹோவர் என்ற வறண்ட ஆற்றுப்படுகையைப் பாருங்கள். சாட் நாட்டின் கிழக்கே தொடங்கி சுமார் 1100 கி.மீ. ஓடி நைலில் கலந்தது, ஏறக்குறைய 5000 வருடங்களுக்கு முன் வறண்டுபோனது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் கோடை வெயில் வலுத்து, ஆப்பிரிக்கப் பருவமழை வடக்கே ஏறியிருந்த காலத்தில்தான் அது ஓடியது.

மணிமாறன்:
நன்றி, இது போதும். தண்ணீர் விஷயம்?

பாறைக்கிறுக்கன்:
மிச்சம் என்று சொல்ல முடியாது. லிபியா சரீர், தாஸெர்போ பக்கம் கிணறு போட்டு எடுப்பது ஆழத்தில் இருக்கும் நூபிய மணற்கல்லிலிருந்து. எகிப்து, லிபியா, சூடான், சாட் நாலு நாட்டுக்கும் அடியில் பரவியிருக்கிற, 20 லட்சம் சதுர கி.மீ.க்கு மேற்பட்ட நீர்க்கொள்பாறை அது. ராடார் பார்த்ததோ மேல்தோலை மட்டும். மணற்கல்லுக்குள் இருப்பதும் பழைய மழைதான், ஆனால் கிரிப்டான்-81 என்ற கதிரியக்க அணு நீரில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து எகிப்துப் பக்கத்துக் கிணறுகளில் வயது பார்த்தபோது 2 லட்சத்திலிருந்து 10 லட்சம் வருடம் வரை வந்தது. வாடி ஹோவர் ஓடிய காலத்தை அதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது. இப்போது அங்கே பெய்கிற மழை எடுப்பதை ஈடுகட்டவும் செய்யாது.