இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: 'டாட்ஜி' என்று காதில் விழுந்தால்

வாடகை வீட்டு விளம்பரத்தை ஆபீஸில் காட்டியதற்கு "லுக்ஸ் அ பிட் டாட்ஜி" என்றார்களாம். 'அ பிட்' (கொஞ்சம்) தானே, முன்பணம் அனுப்பலாமா என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

அனுப்பாதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் பட்டென்று 'பிராடு' என்று சொல்லத் தயங்குவார்கள். அந்த 'அ பிட்' மரியாதைக்கு ஒட்டுவது. நாம் "எங்கேயோ இடிக்குதே" என்போமே, அதுதான். வீட்டைக் காட்டாமலே பணம் கேட்டு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்றால் அது சுத்தமான டாட்ஜி. இங்கே ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால், டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு விவரம் தர வேண்டும். (வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே அறை எடுத்தால் இந்தத் திட்டம் பொருந்தாது.) "நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்" என்பவர் தமிழரே ஆனாலும் டாட்ஜிதான்.

ஆனால் எல்லா டாட்ஜியும் மோசடி இல்லை. மேனேஜருக்கு 'டாட்ஜி நீ' (knee) என்றால் முட்டி படுத்துகிறது. 'டாட்ஜி டம்மி' (tummy) என்றால் வயிறு சரியில்லை, மேற்கொண்டு விசாரிக்காதீர்கள். விட்டு விட்டு வரும் வைஃபை, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த கோழிக்குழம்பு, எதையெல்லாம் நம்பி இறங்க முடியாதோ அதெல்லாம் டாட்ஜி. அயர்லாந்தில் 'டாட்ஜி பாக்ஸ்' என்றால் சந்தா கட்டாமல் சேனல் பார்க்கும் திருட்டுப் பெட்டி. யார் வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

'டாட்ஜ்' என்றால் சட்டென்று விலகி நழுவுவது. 16ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய வினைச்சொல். நழுவுகிறவன் ஏய்க்கவும் செய்வான் இல்லையா, அந்த வாடையோடு 19ஆம் நூற்றாண்டில் 'டாட்ஜி' வந்தது. கண்காட்சித் திடலில் ஓடும் 'டாட்ஜம்' கார்களும் இதே குடும்பம்தான். பெயர் விலகிப் போகச் சொல்கிறது, ஏறுகிறவர்கள் எல்லாரும் மோதத்தான் ஏறுகிறார்கள்.

2003 பிப்ரவரியில் ஈராக் பற்றி பிரிட்டிஷ் அரசு ஓர் ஆவணம் வெளியிட்டது. அதில் பெரும்பகுதி ஓர் ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து உருவியது என்று தெரிந்ததும் 'டாட்ஜி டோசியே' (டோசியே என்றால் ஆவணக் கோப்பு) என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே சக ஊழியர் தந்த கணக்கை மீட்டிங்கில் டாட்ஜி என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள், திருட்டுப் பட்டம் கட்டுவதாக ஆகிவிடும்.

அப்புறம், ஆஸ்திரேலியாவிலும் இந்தச் சொல் அப்படியே செல்லும். அமெரிக்கா, கனடா பக்கம் போனவர்கள் 'ஸ்கெட்சி' என்றே அதிகம் கேட்பீர்கள்.