கலைச்சொல் தேவை: சட்டியடியில் ஒட்டும் பழுப்புக்குப் பெயர் என்ன?

ஸ்கார்பரோவிலிருந்து, வெள்ளி இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. கனடாவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு நடக்கும் மாலைச் சமையல் வகுப்பின் குறிப்பு அது. வட அமெரிக்க வீடுகளில் வேலைநாள் இரவில் ஒரே சட்டியில் சட்டென்று செய்யும் ஸ்டேக் பாஸ்தாதான் பாடம். 450 கிராம் மாட்டிறைச்சியை ஈரம் போகத் துடைத்து, துண்டுகளாக நறுக்கி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் கிளறாமல் விட்டுச் சிவக்கவைத்து எடுக்கவேண்டும். பிறகு அதே சட்டியில் வெங்காயம், பூண்டு. அப்புறம் இறைச்சிச் சாறு ஊற்றி, 225 கிராம் பாஸ்தாவை அதிலேயே வேகவிட்டு, கடைசியில் கிரீமும் பார்மசான் சீஸும் சேர்த்து, எடுத்துவைத்த இறைச்சியைத் திரும்பப் போட்டு இறக்கவேண்டும்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. இறைச்சியை எடுத்த பிறகு சட்டியடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதை ஆங்கிலச் சமையலில் ஃபாண்ட் என்கிறார்கள். சாறு ஊற்றி அதைக் கரைத்தெடுப்பது டீகிளேஸ். எனக்கு வந்த பழைய மொழிபெயர்ப்பில் “சட்டியின் மெருகை நீக்கவும்” என்று இருந்தது. சென்ற வார வெள்ளோட்டத்தில் ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, சட்டியைத் தொட்டிக்கு எடுத்துப்போய்க் கம்பிச்சுருள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். அவர் மேல் குற்றமே இல்லை, எழுதியிருந்ததைச் செய்தார். அன்றைய பாஸ்தா வெளுத்து, உப்பு மட்டும் தெரிந்தது. இரண்டு சொல் தாருங்கள். படித்தவர் சட்டியைக் கழுவிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை.

தஞ்சாவூரிலிருந்து, சனி காலை

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஸ்டேக் என்பதையே தமிழாக்கிவிடலாமே. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு ஊட்டும் விருந்தில் “காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை” வருகிறது. காழ் என்றால் கம்பி. குறை என்றால் அறுத்த துண்டு. ஸ்டேக் என்ற சொல்லும் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் கோலில் குத்திச் சுட்ட ஊனைக் குறித்ததுதான். கடல் கடந்த இரண்டு மொழிகள் ஒரே கோலைப் பிடித்திருக்கின்றன! ‘கொழுங்குறை’ என்று எழுதுங்கள்.

கரைப்பதற்கு, குறுந்தொகைத் தலைவி தயிர் பிசைந்த விரலோடு, கண்ணில் தாளிப்புப் புகை படிய, ‘தான் துழந்து அட்ட தீம்புளிப் பாகர்’ இருக்கிறதே. துழத்தல்: துழாவிச் சமைத்தல். ‘அடிதுழத்தல்’ என்றால் பொருள் நேராக நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டாக நம் அடுப்படியில் இருக்கும் வினையை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது?

கோவையிலிருந்து, சனி காலை

ஐயா சொன்ன துழத்தல் அழகு. ஆனால் ஃபாண்டுக்குச் சொல் தேடவேண்டியதே இல்லை. ‘காந்தல்’ இருக்கிறது. சோற்றுப்பானையின் அடியில் ஒட்டுவது காந்தல். காந்துதல் என்றால் வெம்மையில் எரிதல். வயிறு காந்துகிறது, கண் காந்துகிறது என்கிறோம். சுடர்போல் விரியும் காந்தள் பூவும் இந்த வேர்தான் என்று எண்ணுகிறேன். இரும்பை ஒட்டிப் பிடிக்கும் காந்தமும் இதுவே என்பது என் துணிபு. ஒட்டுவதும் காந்துவதும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறு சொல் எதற்கு? பாஸ்தாவையும் இப்படியே விட்டுவிடக் கூடாது. இத்தாலிய மொழியில் அதற்குப் பொருள் பிசைந்த மாவு. ‘பிசைமா’ என்போம்.

மதுரையிலிருந்து, சனி பிற்பகல்

காந்தம் வடசொல். ‘அயஸ்காந்தம்’ என்பதன் பின்பாதி நம்மிடம் தங்கியது. அதைக் காந்தலோடு கட்டவேண்டாம்.

நான் உணவு வேதியியல் நடத்துகிறவன். என் கவலை வேறு. காந்தல் என்றால் மாணவர் மனத்தில் வருவது கருகிய சோறு. இங்கே கருகினால் எல்லாம் கெட்டது. கசப்பு சாற்றில் இறங்கிவிடும். நமக்கு வேண்டியது பழுப்பு. இறைச்சிப் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் 140 பாகை செல்சியஸ் அளவில் வேகமாக வினைபுரிந்து தரும் நிறமும் மணமும் அது. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்ததால் அவர் பெயரே அந்த வினைக்கு. இறைச்சியைத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். ஈரம் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. துண்டுகள் அவியுமே தவிரச் சிவக்காது. சட்டியை நெருக்கி நிரப்பினாலும் அதே கதி.

ஆகவே பழுப்புக்கும் கருப்புக்கும் வேறுபாடு காட்டும் சொல் வேண்டும். ‘முறுகல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. முறுகல் தோசை கேட்டால் யாரும் கருகிய தோசையைக் கொண்டுவருவதில்லை. ‘அடிமுறுகல்’ எப்படி? பிரெஞ்சில் ஃபாண்டுக்கும் ‘அடி’ என்றே பொருள்.

பாஸ்தாவைத் தயவுசெய்து பாஸ்தாவாகவே விடுங்கள். கடையில் போய்ப் பிசைமா கேட்டால் எதைத் தருவார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து, சனி இரவு

வணக்கம். நான் இலக்கணம் படித்தவள் இல்லை. ஆனால் நீங்கள் பெயர் தேடும் இந்த வேலையை எங்கள் வீட்டில் என் அம்மம்மா செய்தார்.

இறைச்சி பிரட்டி இறக்கியதும், தாச்சியின் அடியில் தூளும் எண்ணெயும் இறுகி, மரப்பட்டை நிறத்தில் ஒட்டியிருக்கும். அம்மம்மா அதைக் கழுவ விடமாட்டார். ஒரு கைச் சோற்றைத் தாச்சிக்குள் போட்டு, இரண்டு கரண்டி சுடுநீர் தெளித்து, அகப்பையின் விளிம்பால் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பிரட்டுவார். வெள்ளைச் சோறு ஓரத்திலிருந்து சிவந்துகொண்டு வரும். அதை உருட்டி ஆளுக்கு ஒரு கவளம் கையில் வைப்பார். கறியைவிட அந்தக் கவளத்துக்குத்தான் நாங்கள் சண்டை பிடித்தோம். நெய் உருக்கிய சட்டியின் கசண்டிலும் இப்படித்தான்.

அக்கா, உங்கள் வகுப்பில் இருப்பவர்களில் பலர் எங்கள் பக்கத்து ஆட்கள்தானே? அவர்களிடம் “இறைச்சி பிரட்டிய தாச்சியில் சோறு பிரட்டுவதுபோல” என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் கழுவமாட்டார்கள். வாணலி என்று மட்டும் எழுதாதீர்கள். தாச்சி என்றும் போடுங்கள்.

மதுரையிலிருந்து, சனி இரவு

தங்கை சொன்ன கவளம் எங்கள் வீட்டிலும் உண்டு. சுக்கா வறுத்த சட்டியில். நெய்க்கசண்டின் பழுப்பும்கூட, பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்த அதே மையார் வினைதான். இத்தனை நாள் பாடம் நடத்தியும் வகுப்பில் இதை எடுத்துக்காட்டாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பருவத்தில் இதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, ஞாயிறு காலை

அடிமுறுகல் நல்ல புணர்ச்சி, ஏற்கிறேன். ஆனால் வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ‘அடிகரைத்தல்’ என்று ஒற்று மிகாமல் எழுதினால், கனி தின்றான் போல, அடியைக் கரைத்தல் என்று இரண்டாம் வேற்றுமைப் பொருள் வந்துவிடும். சட்டியின் அடியே கரைந்துபோகும்! ‘அடிக்கரைத்தல்’ என்று ஒற்று மிகுந்தால் குடிப்பிறந்தார் போல ஏழாம் வேற்றுமை, அடியின்கண் கரைத்தல். ஓர் ஒற்றில்தான் சட்டி பிழைக்கிறது. இந்தத் தொல்லையே இல்லாமல் ‘துழத்தல்’ நிற்கும் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

கோவையிலிருந்து, ஞாயிறு காலை

காந்தத்தை விட்டுவிடுகிறேன். காந்தலை விடமாட்டேன். எங்கள் ஊரில் பழுப்பாக முறுகிய பால் அடியையும் காந்தல் என்றுதான் சொல்கிறோம். அதைச் சுரண்டித் தின்னாத குழந்தை இல்லை. மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் ஒற்றைச்சொல்லை விட்டு, ஒட்டுப்போட்ட கூட்டுச்சொல்லுக்கு ஏன் போகவேண்டும்? புரிதல் புரிதல் என்கிறீர்கள். பயன்படுத்தினால்தானே புரியும்?

ஸ்கார்பரோவிலிருந்து, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் நானே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சாறு ஊற்றியதும் எழும் சீற்றம் அடங்கும்போது, மரக்கரண்டியின் கீழே அந்தப் பழுப்பு படலம் படலமாகக் கழன்று வருகிறது. ‘துழத்தல்’ நாவில் இனிக்கிறது ஐயா. ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களும் இந்தத் தாளைப் படிக்கப்போகிறார்கள். கொழுங்குறையையும் அதே காரணத்தால் தவிர்த்தேன். இன்றைய வழக்கில் குறை என்றால் குற்றம்; உணவின் பெயரில் அது வேண்டாமே.

பெரும்பாலோர் கருத்து அடிமுறுகல் பக்கம் சாய்வதாக எடுத்துக்கொண்டு, இப்படி எழுதியிருக்கிறேன்:

“இறைச்சியை எடுத்த பிறகு தாச்சியை (வாணலியை) கழுவவேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு அடிமுறுகல். சுவை அதில்தான் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் இறைச்சிச் சாற்றை ஊற்றி, இறைச்சி பிரட்டிய சட்டியில் சோறு பிரட்டுவதுபோல, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி அடிமுறுகலைக் கரையுங்கள். கருகிக் கறுத்திருந்தால் மட்டும் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பாஸ்தா வெந்த நீரை வடிக்கவேண்டாம். அந்தக் கஞ்சிதான் குழம்பைக் கெட்டியாக்கும். கிரீம் ஊற்றுமுன் தீயைத் தணியுங்கள், இல்லையேல் திரிந்துவிடும்.”

வினைக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. வகுப்பில் அவர்களாக என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.

கோவையிலிருந்து, திங்கள் காலை

அச்சுக்குப் போகுமுன் ஒரே ஒரு வேண்டுகோள். ‘அடிமுறுகல்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘காந்தல்’ என்று சேருங்கள். தாச்சிக்கும் வாணலிக்கும் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கக் கூடாதா?