மேற்கு பார்த்த கண்ணாடி லாபியில் 28 கிலோ கேன்வாஸ்: எங்கே, எப்படி மாட்டுவது?

வெள்ளைச்சுவர்:
அலுவலகக் கட்டடத்தின் தரைத்தள லாபிக்கு ஒரு பெரிய அக்ரிலிக் கேன்வாஸும் (240 × 180 செ.மீ., சட்டத்தோடு 28 கிலோ) காகிதத்தில் ஆறு லித்தோகிராஃப்களும் (கல்லச்சுப் படங்கள்) வருகின்றன. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாலையில் இரண்டு மணி நேரம் எதிர்ச்சுவரில் நேர் வெயில் விழும். அந்தச் சுவரில் கிரானைட் பலகை பதித்திருக்கிறது, பின்னால் காலி இடம். கண்ணாடியில் யூவி ஃபிலிம் (புற ஊதாவைத் தடுக்கும் தாள்) ஒட்டினால் போதும் என்கிறார் கட்டட மேலாளர். கிரானைட்டில் துளை போடலாமா?

நிழல்கோடு:
ஃபிலிம் ஒட்டுங்கள், ஆனால் அதை நம்பிக் காகிதத்தை அங்கே வைக்காதீர்கள். புற ஊதா போனாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தை வெளுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காகிதத்துக்கு வரம்பு 50 லக்ஸ் (படத்தில் விழும் ஒளியின் அளவு), நாளுக்கு 10 மணி நேரம், 300 நாள் என்றால் ஆண்டுக்கு 1.5 லட்சம் லக்ஸ்-மணி. நேர் வெயில் 20,000 லக்ஸ் என்று குறைத்தே வைத்தாலும், இரண்டு மணி நேரத்தில் 40,000. நாலே நாளில் ஒரு வருட ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் சென்டருக்கு வரைந்த படங்களுக்கு இதுதான் நடந்தது. 1964இல் ஜன்னல் வெளிச்சம் கொட்டும் உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு ஒளி தாங்காத நிறமி. படங்கள் வெளுத்துப்போய் 1979 வாக்கில் கிடங்குக்குப் போய்விட்டன.

லித்தோகிராஃப்களை லிஃப்ட் பக்கத்து உள்சுவருக்கு மாற்றி, ஒரு நேரத்தில் மூன்றை மட்டும் மாட்டி, முறை வைத்து மாற்றுங்கள். அக்ரிலிக்குக்கு 200 லக்ஸ் வரை போகலாம், ஆனால் வெயில் படக் கூடாது. தானாக இறங்கும் திரை தேவை. ஆள் இறக்க வேண்டிய திரை இறங்காது. லக்ஸ் மீட்டரைப் படம் வரும் இடத்தில், வெயில் நேரத்தில் பிடித்து அளவுங்கள். ஒரு புளூ வூல் அட்டையை (ஒளி பட்டால் வெளுக்கும் நீலக் கம்பளித் துண்டுகள் ஒட்டிய சோதனை அட்டை) பாதி அலுமினியத் தாளால் மூடி அங்கேயே சில மாதம் விட்டால், வாதம் செய்யாமலே மேலாளருக்குப் புரியும்.

சாரம்:
கிரானைட்டில் தொங்கவிடாதீர்கள். அந்தப் பலகையே ஓரங்களில் கிளாம்ப் பிடித்து நிற்கிறது. விரியும் ஆங்கர் போட்டால் கல் பிளக்கும், அல்லது பின்னால் பிடிமானம் இல்லாமல் சுழலும். எடை கான்கிரீட்டுக்குப் போக வேண்டும். டைமண்ட் கோர் பிட்டில், ஹேமர் இல்லாமல், தண்ணீர் விட்டுக் கல்லில் பெரிய துளை எடுத்து, அதைத் தொடாமல் 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைக் கெமிக்கல் ஆங்கரால் (இறுகும் பிசினால்) கான்கிரீட்டில் பதிக்கலாம். கிளாம்ப் எங்கே இருக்கிறது என்று கல் பதித்தவரின் வரைபடத்தைப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

வெள்ளைச்சுவர்:
மேலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டால்?

சாரம்:
அதுதான் என் விருப்பமும். ஃபால்ஸ் சீலிங் சேனலில் அல்ல, மேல் ஸ்லாபில் ஆங்கர். போஸ்ட்-டென்ஷன் ஸ்லாபாக (இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் உள்ளே இருக்கும் கான்கிரீட் தளம்) இருந்தால் துளைக்குமுன் ஸ்கேன் கட்டாயம். உள்ளே இழுவிசையில் இருக்கும் வடத்தை வெட்டினால் படம் விழுவது சின்னப் பிரச்சினையாகிவிடும். 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வடம் இரண்டு. ஒவ்வொன்றும் தனியாகவே எடையின் நாலு மடங்கைத் தாங்க வேண்டும், அதாவது 112 கிலோ. வடம் தாங்கிவிடும், பலவீனம் வடத்தைப் படத்தோடு பிடிக்கும் கிரிப்பரில்தான், அதன் ரேட்டிங்கைப் பாருங்கள். கதவுக் காற்றில் ஆடாமலிருக்க கீழ் மூலைகளை லாக் செய்து, பின்னால் 10 மி.மீ. பம்பர் வையுங்கள்.

தூரிகைமுனை:
ஒரு விஷயம் விட்டுப்போனது. அக்ரிலிக் மேற்பரப்பு மென்மையானது, தூசி ஒட்டிக்கொள்ளும். பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் குமிழ் அச்சு அப்படியே பதியும். சிலிக்கான் பூசிய காகிதம் இடையில் வேண்டும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயோடு துப்புரவுப் பணியாளர் படத்துக்கும் போவார், அதை எழுத்தில் தடை செய்யுங்கள். கீழ்விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.க்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் தரை பாலிஷ் மெஷின் தெறிக்கும். ஏசி காற்று நேராக அடிக்கிறதா, வார இறுதியில் ஏசியை அணைக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஈரப்பதம் ஏறி இறங்கினால் கேன்வாஸ் தளரும். பெட்டி பிரிக்கும் அன்றே நாலு மூலை, விளிம்பு, பின்புறம் எல்லாவற்றையும் படமெடுத்து, படம் எந்த நிலையில் வந்தது என்று சொல்லும் நிலை அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.