பொருள்: நடுங்காமல் சூடேறுவதற்கு ஒரு சொல் (அவசரம்)

கோபியிலிருந்து, விலங்கியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி இளங்கலைப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. துருவக் கடல் பாலூட்டிகளின் குட்டிகள் குளிரை எப்படித் தாங்குகின்றன என்ற இயலில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஹார்ப் சீல் (ஒரு வகைக் கடல்நாய்) குட்டி வட அட்லாண்டிக்கின் மிதக்கும் பனிக்கட்டி மேல் பிறக்கிறது. கருவறையில் 37 டிகிரி, வெளியே உறைநிலைக்கும் கீழே, உடம்பெல்லாம் ஈரம். தோலடிக் கொழுப்பு இன்னும் சேரவில்லை. வெள்ளை முடியும் காய்ந்த பிறகுதான் குளிரைத் தடுக்கும். அந்நேரத்தில் தசை நடுங்கிச் சூடு தருவது ஒரு வழி. இன்னொன்று பழுப்புக் கொழுப்பு. நரம்பு முனையிலிருந்து வரும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதைத் தூண்டுகிறது. தைராய்டு சுரப்பியின் ஹார்மோனான தைராக்சின் அந்தக் கொழுப்புக்குள்ளேயே வீரியமுள்ள வடிவத்துக்கு மாறுகிறது. இழைமணிகள் (உயிரணுவுக்குள் ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்புகள்) ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு செய்வதைக் குறைத்து ஆற்றலை நேரே வெப்பமாக விடுகின்றன. இந்த இரண்டாவது வழிக்குத்தான் பெயர் வேண்டும். ‘நடுக்கமற்ற வெப்ப உற்பத்தி’ என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் நாக்கில் நிற்காது.

ஈரோட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ‘நடுங்கா வெப்பம்’ போதும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ‘நடுங்காத’ என்பதில் கடைசி எழுத்து போனது. வெப்பமா நடுங்கும் என்று யாராவது கேட்பார்கள். எழுதிய கோல் என்கிறோமே, கோலா எழுதியது? பெயரெச்சம் கொண்டு முடிய நன்னூலார் ஆறு பொருட்பெயர் தருகிறார், அதில் கருவியும் உண்டு.

நடுக்கம் நமக்குப் புதிதுமல்ல. நெடுநல்வாடையில் கோவலர் கையில் கொள்ளி இருந்தும் கன்னம் புடைக்க நடுங்குகிறார்கள். அதே குளிரில் கறவை பாலுக்கு வரும் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. நம் பழனி மலைப் பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததும் அது குளிரில் நடுங்கும் என்றுதான். இன்னொன்று: ‘தோலடிக் கொழுப்பு’ எதற்கு? சங்கப் பாட்டில் ‘நிணம்’ இருக்கிறது.

திருப்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நிணம் என்றால் பிள்ளைகளுக்கு நிணநீர்தான் (லிம்ஃப்) நினைவுக்கு வரும். அது வேறு மண்டலம், பரீட்சையில் குழப்பிவிடும்.

வெப்பத்துக்கு என் யோசனை ‘உட்கணப்பு’. குளிர்காய நெருப்பு வைக்கும் கணப்புச் சட்டி தெரியாத மலையடிவாரக்காரர் உண்டா? அப்புறம், ஹார்மோனை ‘இயக்குநீர்’ என்றே எழுதுங்கள். 1905இல் ஸ்டார்லிங் அந்தப் பெயரை எடுத்த கிரேக்க வினைக்கும் தூண்டி இயக்குதல் என்றுதான் பொருள்.

பெருந்துறையிலிருந்து, சித்த மருத்துவர்:

கணப்பு வேண்டாங்க. கைக்குழந்தை, சூடு, கண என்று சேர்த்துச் சொன்னால் எங்கள் தாய்மார் கணச்சூடு என்ற நோயைத்தான் நினைப்பார்கள். தசை நடுங்கி வரும் சூடும் உள்ளிருந்துதானே வருகிறது? ‘உள்’ என்பது எதையும் பிரித்துக் காட்டவில்லை. ‘இயக்குநீர்’ பழகிய சொல், இருக்கட்டும். ‘சுரப்பிநீர்’ மட்டும் வேண்டாம். இங்கே வேலை செய்யும் நார்அட்ரினலின் நரம்பிலிருந்து வருகிறது என்று அம்மாவே எழுதியிருக்கிறார்.

காங்கேயத்திலிருந்து, கால்நடை மருத்துவர்:

துருவம் வரை போக வேண்டாம். மார்கழிப் பனியில் பட்டியில் விழும் செம்மறிக் குட்டிக்கும் இதே பழுப்புக் கொழுப்புதான் காப்பு. பாலும் கிடைக்காமல் குளிரில் செத்த குட்டியை அறுத்துப் பார்த்தால், சிறுநீரகத்தைச் சுற்றியிருந்த கொழுப்பு கரைந்து செம்பழுப்புக் கூழாகக் கிடக்கும். இருந்ததை எல்லாம் எரித்துத் தீர்த்துவிட்டுத்தான் சாகிறது. அதனால்தான் ஈன்ற கையோடு துடைத்துச் சீம்பால் ஊட்டச் சொல்கிறோம். பன்றிக்குட்டிக்கு இந்த வழியே கிடையாது. அதற்குரிய மரபணு என்றோ செயலிழந்துவிட்டது. பிறந்ததும் நடுங்கித்தான் ஆக வேண்டும். திமிங்கலத்துக்கும் அந்த மரபணு வேலை செய்வதில்லை. ஆகவே கடல் பாலூட்டி எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

பெயர்: ஆட்டுக்காரரிடம் ‘நடுங்காச் சூடு’ என்றேன், உடனே புரிந்துகொண்டார். ஹார்ப் சீலை ‘நீர்நாய்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது நம் மோயாற்றிலும் அமராவதியிலும் வாழும் வேறு பிராணி.

ஈரோட்டிலிருந்து:

சூடு பேச்சு வழக்கு. பாடநூலில் ‘வெப்பம்’ இருக்க வேண்டும். ஹார்ப் என்பதையும் ‘யாழ்’ ஆக்கலாம். வளர்ந்த சீலின் முதுகில் யாழ் வடிவக் கறை உண்டு.

பெருந்துறையிலிருந்து:

சூடு பேச்சு வழக்கா? கணச்சூடு, மேகச்சூடு என்று எங்கள் துறை எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. ஆட்டுக்காரருக்குப் புரிகிற சொல்லைத் தள்ளிவிட்டு யாருக்காக ஆக்குகிறோம்?

திருப்பூரிலிருந்து:

‘உட்கணப்பை’ விட்டுவிடுகிறேன். சூடு, வெப்பம் இரண்டில் எதுவானாலும் சம்மதம், வியாழனுக்குள் முடிந்தால் சரி.

கோபியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘நடுங்கா வெப்பம்’, விளக்கப் பத்தியில் ‘நடுங்காமல் சூடேறுதல்’. இயக்குநீர், தோலடிக் கொழுப்பு, ஹார்ப் சீல் அப்படியே. குட்டி பால் குடிக்கக் குடிக்கப் பழுப்புக் கொழுப்பு குறைந்து தோலடிக் கொழுப்பு ஏறுகிறது. பன்னிரண்டு நாள் போலப் பால்குடி முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு கொழுப்பும் பிள்ளைகளுக்குக் குழம்பாமல் இருந்தால் எனக்குப் போதும். திமிங்கலம் பற்றித் தனி வரி சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து:

பெரும்பான்மை முடிவு, அச்சுக்குப் போகட்டும். நான் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கொழுப்பைக் குறித்த நிணத்தைக் கொண்டுபோய் வேறொரு நீருக்கு வைத்ததுதான் பிழை. மாற்ற வேண்டியது ‘நிணநீர்’. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.