நீந்திப் போன வாலாய் எல்லாம் பிழைத்துவிட்டதா? லேக் ஆஃப் த வுட்ஸ் பற்றி ஒரு சண்டை

கதிர்_வினிபெக்:
நேற்று சிவா71 தன் பயணக் கதையை எழுதியிருந்தார். கனடா-அமெரிக்க எல்லையில் இருக்கும் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியில், ஒன்டாரியோவின் சியூ நாரோஸ் ஊர்ப் பக்கம், மூன்று நாள், நான்கு பேர், 45 வாலாய் மீன். "38 அடியில் ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) தரையைத் தட்டியதுமே கடித்தது. சாப்பாட்டுக்கு நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் நீந்திப் போயின" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகப் பாராட்டு. படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாலாயின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. அந்தக் காற்றை அது வாய் வழியாக வெளியே விட முடியாது, ரத்தத்தின் வழியாக மெதுவாகத்தான் குறைக்க முடியும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். நன்னீரில் சுமார் 34 அடி இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அங்கிருந்து ஒரு நிமிடத்தில் மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். ஈரலையும் குடலையும் நெருக்கும். இதில் 38 அடி!

போன ஜூலையில் அதே ஏரியின் வைட்ஃபிஷ் பே பக்கம் ஒரு வாலாய் மல்லாந்து மிதந்தது. கையில் எடுத்தேன். செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கண் இரண்டும் வெளியே தள்ளி நின்றன. வாய்க்குள் இளஞ்சிவப்பாக ஒரு பை பிதுங்கி இருந்தது. மேலுதட்டில் தூண்டில் முள் குத்திய புதுக் காயம். அதுவும் யாரோ ஒருவர் விட்டபோது நீந்தித்தான் போயிருக்கும்.

சிவா71:
தம்பி, நான் ஒன்டாரியோவில் 22 வருடமாகத் தூண்டில் போடுகிறேன். 38 என்று நான் எழுதியது ஏரியின் ஆழம். மீன் தேடும் சோனார் கருவியில் காட்டிய எண். மீன் அந்த ஆழத்தில்தான் நின்றது என்று எங்கே எழுதினேன்?

கதிர்_வினிபெக்:
"ஜிக் தரையைத் தட்டியதுமே கடித்தது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தரை 38 அடி என்றால் மீனும் 38 அடி. வாலாய் தரையை ஒட்டி நிற்கிற மீன் என்று 22 வருடத்தில் தெரிந்திருக்குமே. தம்பி என்று கூப்பிட வேண்டாம்.

மீன்பிரியன்:
முதலில் அது வாலாய் இல்லை, பிக்கரல். ஏரிக்கரை ஊரான கெனோராவில் எந்தத் தூண்டில் கடையில் போய்க் கேட்டாலும் பிக்கரல் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கக்காரன் சொல்வதை அப்படியே எழுதாதீர்கள்.

தெற்குக்கரை:
பிக்கரல் என்பது நார்தர்ன் பைக் குடும்பத்து மீன். வாலாய் பெர்ச் குடும்பம். ஒன்டாரியோ அரசின் மீன்பிடி விதிப் புத்தகத்திலேயே வாலாய் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

மீன்பிரியன்:
அரசாங்கம் ஆயிரம் போடும். மீனை எடுத்து வந்து பொரிக்கிறவன் பிக்கரல் என்கிறான்.

கதிர்_வினிபெக்:
பெயரை அப்புறம் பார்க்கலாம். 38 அடி பற்றிப் பேசுங்கள்.

சிவா71:
பேசுவோமே. அதே பயணத்தில் 70 அடியில் லேக் ட்ரவுட் மீனும் பிடித்தோம், விட்டோம். அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 70-இல் பிடித்த மீன் பிழைக்கும், 38-இல் பிடித்தது சாகும் என்றால் கணக்கு உதைக்கிறதே.

கதிர்_வினிபெக்:
உதைக்கவில்லை. இரண்டும் வேறு மீன். லேக் ட்ரவுட்டின் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு சின்னக் குழாய் உண்டு. மேலே வரும்போதே ஏப்பம் விட்டுவிடும். தங்கூஸ் நூலை நிதானமாகச் சுற்றினால், மீன் கண்ணில் படுவதற்கு முன்னால் குமிழிகள் பொங்கி வருவதைப் பார்க்கலாம். அந்தக் குழாய் வாலாய்க்குக் குஞ்சாக இருக்கும்போதே மூடிவிடும். உடம்பில் உள்ள வித்தியாசம் இது, என் அபிப்பிராயம் இல்லை.

ஆனால் ட்ரவுட் விஷயத்திலும் நீங்கள் சரி என்று நான் சொல்லவில்லை. அதற்கு 10 டிகிரி அளவில் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஜூலையில் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வெந்நீரில் பத்து நிமிடம் போராட வைத்து, வலையில் அள்ளி, படம் பிடித்து, அளந்து, மறுபடியும் படம் பிடித்து விட்டால் என்ன ஆகும்? அது மெதுவாக வளர்கிற மீன். முட்டை போடவே பல வருடம் எடுக்கும். இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. உங்கள் கையில் இருந்தது உங்கள் மகனைவிட மூத்ததாக இருந்திருக்கலாம்.

சிவா71:
பார்த்தீர்களா! முதலில் ட்ரவுட் ஏப்பம் விடும், பிழைக்கும் என்றார். அடுத்த பத்தியிலேயே சாகும் என்கிறார். என் மகனை இதில் இழுக்க வேண்டாம்.

தெற்குக்கரை:
கதிர் சொல்வதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். இந்த ஏரியின் தென்பகுதி, பிக் டிராவர்ஸ், பெரும்பாலும் 30 அடி சொச்சம்தான். தெற்கே அமெரிக்கப் பக்கத்து ஊர்களான வாரோட், பாடெட்டிலிருந்து குளிர்காலம் முழுக்க ஐஸில் துளை போட்டு அந்த ஆழத்தில்தான் வாலாய் பிடிக்கிறார்கள். சின்னதைத் திருப்பி விடுகிறார்கள். அப்படி எல்லாம் சாகிறது என்றால் ஏரி என்றைக்கோ காலியாகியிருக்கும்.

கதிர்_வினிபெக்:
எல்லாம் சாகும் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஒன்றுகூடச் சாகவில்லை என்று அவர் எழுதியதுதான் பொய். 25, 30 அடி தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும், ஆழம் கூடக் கூட அதுவும் கூடும். 38 அடியில் 40 மீனை விட்டால் ஒன்றுகூடச் சாகாதா?

மீன்பிரியன்:
ஊசியால் ஒரு குத்து குத்தினால் காற்று போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வாயில் பலூன் மாதிரி வரும் பாருங்கள், அதில்தான் குத்த வேண்டும்.

கதிர்_வினிபெக்:
ஐயோ, அது காற்றுப்பை இல்லை! உள்ளே விரிந்த காற்று வெளியே தள்ளிய இரைப்பை அது. நீங்கள் இத்தனை நாளும் மீனின் இரைப்பையைக் குத்திக் கிழித்துவிட்டு, காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். விலா வழியாகக் குத்துவதும் வேண்டாம். இடம் ஒரு விரற்கடை தவறினால் போச்சு.

மீன்பிரியன்:
நீங்கள் என்ன டாக்டரா?

சுகந்தி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சொல்வது எளிது. ஒருவர் எத்தனை வாலாய் வைத்துக்கொள்ளலாம் என்று உரிமத்தில் வரம்பு உண்டு.  ஆழத்தில் பிடித்தால் வரம்பு எத்தனையோ, வருகிற முதல் அத்தனையை வைத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும். 45 எதற்கு? நானும் அவரும் மாலையில் 12 அடித் தண்ணீரில், பாறை முனையில், ஜிக்கில் லீச் (அட்டை) போட்டுப் பிடிக்கிறோம். வெளிச்சம் மங்கினால் வாலாய் தானே மேட்டுக்கு வரும். அதன் கண் அதற்கென்றே அமைந்தது.

கதிர்_வினிபெக்:
சுகந்தி அக்கா சொல்வதுதான் சரி. இன்னொன்றும் இருக்கிறது. சாப்பிடத் தகுந்த மீனை வீணாக்கக் கூடாது என்று ஒன்டாரியோ விதியே இருக்கிறது.

மீன்பிரியன்:
அந்த ஏரி மீனைச் சாப்பிடவே கூடாது. பாதரசம். பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட கிராஸி நாரோஸ் பூர்வகுடி மக்களுக்கு நடந்தது தெரியாதா?

தெற்குக்கரை:
அது வேறு ஆறு! டிரைடன் ஊரில் இருந்த காகித ஆலை பாதரசத்தைக் கொட்டியது வாபிகூன் ஆற்றில், 1962-லிருந்து 1970 வரை. வாபிகூன் இங்கிலீஷ் ஆற்றில் சேர்கிறது. இங்கிலீஷ் ஆறு போய்ச் சேரும் வினிபெக் ஆறோ லேக் ஆஃப் த வுட்ஸிலிருந்து வெளியே ஓடுகிற ஆறு. தண்ணீர் மேலே ஏறி வராது. அந்தச் சனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, அதை இங்கே சும்மா எடுத்து வீசாதீர்கள்.

மீன்பிரியன்:
பெரிய வாலாயில் எங்கேயும் பாதரசம் உண்டு.

சுகந்தி:
உண்டுதான். அதனால்தான் சின்னதைச் சாப்பிடுகிறோம். 40 சென்டிமீட்டர் மீன், தோலை உரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மா. முள் தொல்லை அதிகம் இருக்காது.

சிவா71:
தங்கச்சி, சமையலை விடுங்கள். இந்தக் கதிர் போன ஜனவரியிலும் இப்படித்தான். 4 அங்குல ஐஸ் நடக்கப் போதும் என்று நான் எழுதினேன். அதற்கு 60 வரியில் பதில் போட்டார். யாராவது ஏதாவது எழுதினால் அதில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இவருடைய வழக்கம்.

கதிர்_வினிபெக்:
தெளிந்த நீல ஐஸ் என்றால் 4 அங்குலம். நீங்கள் படம் போட்டது வெள்ளை ஐஸ். அதற்குப் பாதி பலம்தான். அன்றைக்கும் நான் சொன்னது சரி. உங்களோடு அன்று உங்கள் மருமகனும் ஐஸ் மேல் நின்றார்.

தெற்குக்கரை:
கதிர், ஒரு சந்தேகம். நீர்மூழ்கிப் பயிற்சியில் எங்களுக்கு அழுத்தம் இரட்டிப்பாவது 33 அடியில் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் 34 என்கிறீர்கள்.

கதிர்_வினிபெக்:
33 கடல்நீருக்கு. உப்புத் தண்ணீர் கனம் கூட. ஏரிக்கு 34.

சிவா71:
ஆக, 33-ஆ 34-ஆ என்பதிலேயே உங்களுக்குள் ஒற்றுமை இல்லை. என்னுடைய 38-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள். மறுபடியும் சொல்கிறேன், 38 ஏரியின் ஆழம்.

கதிர்_வினிபெக்:
தரையைத் தட்டியதும் கடித்தது என்றால் மீனின் ஆழமும் அதுதான். எத்தனை தடவை எழுதுவது? உண்மையிலேயே அக்கறை இருந்தால் அடுத்த முறை 20 அடிக்குள் போடுங்கள். இல்லை, ஆழத்தில்தான் போடுவேன் என்றால் எடை கட்டிய கிளிப் விற்கிறார்கள். தாடையில் மாட்டி மீனைப் பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிட்டால் காற்று திரும்பச் சுருங்கும். உறுதியாகப் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். மிதக்க விடுவதைவிட மேல். மூன்று நாளில் ஒரு தடவையாவது, விட்ட இடத்துக்கு அரை மணி கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? கடற்காகங்கள் எங்கே கூட்டமாக இறங்கின என்று கவனித்தீர்களா?

சிவா71:
கடற்காகம் ஏரி முழுக்க இருக்கிறது. அன்றைக்கு எடுத்த சோனார் படம் என்னிடம் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதில் 36.2 என்று இருக்கிறது. 38 இல்லை. ஆக நீங்கள் இரண்டு நாளாகக் கட்டிய வாதம் முழுவதும் தப்பான எண்ணின் மேல்.

கதிர்_வினிபெக்:
38 என்று எழுதியது நீங்கள்! 36 மட்டும் என்ன, 34-க்கு மேல்தானே?

சிவா71:
அப்படியென்றால் 38 தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

மீன்பிரியன்:
34 இல்லை, 33. தெற்குக்கரை மேலே சொன்னாரே.

தெற்குக்கரை:
நான் கேள்விதான் கேட்டேன்.

கதிர்_வினிபெக்:
அந்தப் படத்தை இங்கே போடுங்கள். முழுத் திரையும் தெரிய வேண்டும், மீன் கோடுகள் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சிவா71:
போட மாட்டேன். அதில் எங்கள் இடத்தின் ஜிபிஎஸ் இருக்கிறது. அடுத்த வாரமே 34 அடி அளக்கிறேன் என்று நீங்கள் அங்கே படகோடு வந்து நிற்பீர்கள்.